கின்னிக் ஸ்டேடியம் சீசன் டிக்கெட்: ஃபில் பார்க்கருக்காக வாங்கலாம்

ஆகஸ்ட் வந்துவிட்டால், அயோவா சிட்டி, கோரல்வில் பக்கம் புதிதாகக் குடிவந்த நம் ஆட்களில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "ஹாக்ஐஸ் சீசன் டிக்கெட் வாங்கலாமா? காசுக்குத் தகுமா?" ஹாக்ஐஸ் என்பது அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, கின்னிக் அவர்களுடைய மைதானம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதிப் போட்டுவிடுகிறேன்.

டச்டவுன் மழை, அதாவது பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோய் ஆறு ஆறு புள்ளியாகக் குவிப்பதைப் பார்க்க வேண்டும், பந்து பறந்துகொண்டே இருக்க வேண்டும் என்றால் வாங்காதீர்கள். எதிரணி கையில் பந்து இருந்தும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பதைப் பார்ப்பதில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் உண்டென்றால், யோசிக்காமல் வாங்குங்கள். நான் வருடா வருடம் புதுப்பிப்பது அதற்காகத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், ஃபில் பார்க்கர் என்ற மனிதருக்காக.

அவர் தலைமைப் பயிற்சியாளர் கிடையாது. அது கர்க் ஃபெரன்ட்ஸ். 1998 டிசம்பரில் நியமனம் ஆனவர், இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். 2025 செப்டம்பரில் 206-வது வெற்றியோடு, ஒஹையோ ஸ்டேட்டின் வூடி ஹேஸ் வைத்திருந்த பிக் டென் (அயோவா ஆடும் கல்லூரி லீக்) சாதனையைத் தாண்டினார். போஸ்டரில் வருவது அவர் முகம். பார்க்கர் அவருக்குக் கீழே தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், உதவிப் பயிற்சியாளர். ஊரில் பாதிப் பேருக்கு அவரை நேரில் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அவர் செய்யும் வேலைக்குத்தான் போகிறது என்பது என் கணக்கு.

முதலில் அடிப்படை விவரங்கள். கின்னிக் ஸ்டேடியம் 1929-இல் திறந்தது. சுமார் 69,000 பேர் உட்காரலாம். 1939-இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கி, 1943-இல் கடற்படை விமானப் பயிற்சியின்போது இறந்துபோன நைல் கின்னிக் பெயரை 1972-இல் வைத்தார்கள். சீசனுக்கு ஆறு அல்லது ஏழு உள்ளூர் ஆட்டம். நல்ல இடம் வேண்டுமென்றால் டிக்கெட் விலைக்கு மேல் நன்கொடையும் கட்ட வேண்டும். அதை முதல் வருடம் யாரும் சொல்லித் தரமாட்டார்கள், பணம் கட்டும் பக்கத்துக்குப் போன பிறகுதான் தெரியும். டிக்கெட் போனில்தான் வரும். பெரும்பாலான இடங்களில் இருக்கை என்பது அலுமினியப் பலகை. பலகையில் எண் எழுதியிருக்கும், அந்த எண்ணுக்குள் அடங்குவது உங்கள் பாடு. நவம்பரில் எல்லோரும் மூன்று அடுக்கு ஜாக்கெட்டோடு வருவதால் வரிசைக்கு இரண்டு பேர் கூடுதலாக இருக்கிறாற்போலத்தான் இருக்கும்.

முதல் குவார்ட்டர் முடிந்ததும் எழுபதாயிரம் பேரும் திரும்பி, பக்கத்திலிருக்கும் குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்துக் கையசைப்பது 2017 முதல் நடக்கிறது. மேல்மாடி ஜன்னல்களில் குழந்தைகள் நின்று பதிலுக்குக் கையசைப்பார்கள். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டியது, அவ்வளவுதான் சொல்வேன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

2022 செப்டம்பரில் முதல் ஆட்டம், சவுத் டகோட்டா ஸ்டேட் அணியோடு. டாலஸிலிருந்து என் மச்சினன் வந்திருந்தான். கூட்டிக்கொண்டு போனேன். அயோவா 7-3 என்று ஜெயித்தது. ஏழு என்றால் ஒரு டச்டவுன், கூடவே ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட் என்றுதானே நினைப்போம். அதுவும் இல்லை. ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3, இரண்டு சேஃப்டி தலா 2. சேஃப்டி என்றால் எதிரணி ஆளை அவர்களுடைய சொந்த எண்டு சோனுக்குள்ளேயே (மைதானத்தின் கடைசிப் பகுதி) மடக்குவது. அதாவது ஏழில் நான்கு புள்ளியை எடுத்துக்கொடுத்தது பந்து கையில் இல்லாத ஆட்கள்.

"அத்தான், நிசமாவே இதுக்குத்தான் காசு குடுத்து வருசா வருசம் வாரீயளா?" என்றான்.

"மாப்ளே, எதிராளி மூணுதான் எடுத்தான், அத எண்ணினியா?" என்றேன். அவன் எண்ணவில்லை. டாலஸ்காரன்.

2023 இன்னும் மோசம், அல்லது இன்னும் பிரமாதம், நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த சீசனில் அயோவாவின் தாக்குதல் (பந்து கையில் இருக்கும்போது ஆடும் பாதி), ஒரு ஆட்டத்துக்கு முன்னேறிய யார்டுக் கணக்கில், கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டமான எஃப்.பி.எஸ். பிரிவிலேயே கடைசி. தாக்குதலைப் பார்த்துக்கொண்டவர் தலைமைப் பயிற்சியாளரின் மகன் பிரையன் ஃபெரன்ட்ஸ். அவர் ஒப்பந்தத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையே போட்டிருந்தார்கள். எடுத்தது 15.4. அக்டோபர் முடிவதற்குள், சீசனோடு அவர் வேலை முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். சரி, இப்படி ஒரு அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும்? பத்து. பதினான்கில் பத்து. பிக் டென் மேற்குப் பிரிவில் முதலிடம். ஏனென்றால் எதிரணிகளுக்குக் கிடைத்தது ஆட்டத்துக்கு 14.8 புள்ளிதான். விஸ்கான்சினை 15-6, நார்த்வெஸ்டர்னை 10-7, இல்லினாய்ஸை 15-13, நெப்ராஸ்காவை 13-10. அந்த வருடம் அணியின் நட்சத்திரம் யார் தெரியுமா? பந்தை உதைத்து அனுப்பும் பன்ட்டர். மெல்போர்னிலிருந்து வந்த டோரி டெய்லர். அவர் உதைத்தது மொத்தம் 4,479 யார்டு. ஒரே சீசனில் அவ்வளவு தூரம் கல்லூரி ஆட்டத்தில் யாரும் உதைத்ததில்லை. பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சி உண்டு; தாக்குதல் மூன்றிலேயே படுத்துவிடும், நான்காவதில் டெய்லர் வந்து பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுத்துவிடுவார், எங்கள் வரிசையில் இருக்கும் வயதான விவசாயத் தம்பதி எழுந்து நின்று கைதட்டுவார்கள். பன்ட்டுக்குக் கைதட்டும் கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தக் கைதட்டலின் அர்த்தம், அடுத்து பார்க்கரின் பையன்கள் வருகிறார்கள் என்பது.

அந்த வருடம்தான் அவருக்கு பிராய்ல்ஸ் விருது கிடைத்தது. நாட்டிலேயே சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கு 1996 முதல் கொடுக்கிறார்கள். ஆர்கன்சாவில் பயிற்சியாளராக இருந்த ஃபிராங்க் பிராய்ல்ஸ் பெயரில். இந்த விருது வாங்கியவர்கள் பட்டியலைப் பார்த்தால் பலருக்கு அது ஒரு ஏணிப்படி. 2009-இல் அலபாமாவில் வாங்கிய கர்பி ஸ்மார்ட் பிறகு ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளர். 2016-இல் கிளெம்சனில் வாங்கிய பிரென்ட் வெனபிள்ஸ் பிறகு ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளர். பார்க்கர் வாங்கிய பிறகும் அதே ஊர், அதே வேலை.

இந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். பொதுவாக ஆரம்பம் கிராஜுவேட் அசிஸ்டென்ட். பட்டப்படிப்புக்குக் கட்டணம் கிடையாது, கைச்செலவுக்குச் சொற்பம். வேலை என்றால் எதிரணியின் வீடியோவை வெட்டி ஒட்டுவது, அவர்கள் ஆடும் வியூகங்களை அட்டையில் வரைந்து பயிற்சியின்போது தூக்கிப் பிடிப்பது, இரவு சாப்பாடு வாங்கி வருவது. அங்கிருந்து கார்னர்பேக்குகளுக்கோ (ஓரத்தில் காவல் நிற்பவர்கள்) லைன்பேக்கர்களுக்கோ (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) மட்டும் பயிற்சி தரும் ஆள். அப்புறம் கோஆர்டினேட்டர். அப்புறம் அதிர்ஷ்டமிருந்தால் தலைமை. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஊர் மாற வேண்டும். அலபாமாவில் பெரும் பேரெடுத்த பயிற்சியாளர் நிக் சேபனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் கென்ட் ஸ்டேட்டில் இப்படித்தான் தொடங்கினார். 1990-இல் டொலீடோவில் முதல்முறை தலைமைப் பொறுப்பு கிடைப்பதற்குள் சிரக்யூஸ், வெஸ்ட் வர்ஜீனியா, ஒஹையோ ஸ்டேட், நேவி, மிச்சிகன் ஸ்டேட், ஹூஸ்டன் ஆயிலர்ஸ் என்று சுற்றிவிட்டார். நடுவில் ஒஹையோ ஸ்டேட்டில் வேலையும் போனது. இப்போது ஓரிகனில் இருக்கும் டேன் லானிங், மிசூரியில் பள்ளிக்கூடப் பயிற்சியாளராக இருந்தவர், பிட்ஸ்பர்க் வரை ராத்திரி முழுக்கக் கார் ஓட்டிப்போய் வாசலில் நின்று வேலை கேட்டிருக்கிறார்.

தலைமைப் பயிற்சியாளரை வெளியே அனுப்பினால், அவரோடு சேர்ந்த உதவியாளர்களின் வேலையும் ஊசலாட ஆரம்பித்துவிடும். நீ நன்றாகச் செய்தாயா என்பது அப்புறம். ஜிம் நோல்ஸ் கதை இதற்குச் சமீபத்திய சாட்சி. 2024 சீசனில் ஒஹையோ ஸ்டேட் தேசிய சாம்பியன் ஆனபோது தடுப்பாட்டம் அவர் கையில். கோப்பையின் சூடு ஆறுவதற்குள் பென் ஸ்டேட் அவரை இழுத்துக்கொண்டது, வருடத்துக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் என்று செய்தி. 2025 அக்டோபரில், சீசன் பாதியிலேயே, அவரைக் கூட்டிவந்த தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கிவிட்டார்கள். சம்பளம் பெரிதுதான். ஆனால் வீட்டுச் சாமான் கட்டிய பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது.

இந்தப் பின்னணியில் பார்க்கரைப் பாருங்கள். ஒஹையோ மாநிலம் லொரெய்ன் ஊர்க்காரர். மிச்சிகன் ஸ்டேட்டில் டிஃபென்சிவ் பேக்காக (தடுப்பாட்டத்தின் பின்வரிசை ஆள்) ஆடினார், மூன்று முறை பிக் டென் முதல் அணியில் இடம். 1983-இல் அங்கே தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த பயிற்சியாளர் யார் என்றால், அதே நிக் சேபன். 1987-இல் பார்க்கர் அங்கேயே கிராஜுவேட் அசிஸ்டென்ட். அந்த அணிதான் 1988 புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் என்ற பெரிய ஆட்டத்தை ஜெயித்தது. அப்புறம் 1988-இல் டொலீடோ. 1990-இல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்ததும் சேபனே. ஒரே வருடம் இருந்துவிட்டு அவர் கிளீவ்லண்ட் போய்விட்டார். பார்க்கர் போகவில்லை. டொலீடோவில் தலைமை மூன்று கை மாறியும் 1998 வரை அங்கேதான். 1999-இல் ஃபெரன்ட்ஸ் கூப்பிட்டு அயோவா வந்தார். முதல் வருடம் அணி ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தது, பத்து தோல்வி. அப்போதும் ஓடவில்லை. மூன்றே ஊர். அவ்வளவுதான் அவருடைய தொழில் வாழ்க்கை.

வந்ததும் கோஆர்டினேட்டர் பதவி கொடுத்துவிடவில்லை. அதில் நார்ம் பார்க்கர் இருந்தார். ஒரே குடும்பப் பெயர், உறவு எதுவும் கிடையாது. அவரும் மிச்சிகன் ஸ்டேட் வழியாக வந்தவர். சர்க்கரை நோயால் 2010-இல் பாதம் எடுக்க வேண்டியிருந்தும் அந்த சீசனிலேயே வேலைக்குத் திரும்பியவர். அவர் 2011 சீசனோடு ஓய்வு பெறும்வரை, பதின்மூன்று சீசன், ஃபில் பார்க்கர் பின்வரிசை ஆட்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 2012-இல் பொறுப்பு கைக்கு வந்தது. பெயர்ப்பலகையில் முதல் எழுத்தை மாற்றினால் போதும் என்று ஊரில் ஜோக் அடித்திருப்பார்கள். பெரிய பதவி கிடைத்த பிறகும் கார்னர்பேக், சேஃப்டி (இது அந்த இரண்டு புள்ளி இல்லை, கடைசியில் காவல் நிற்கும் ஆள்) பையன்களுக்கான பயிற்சியை அவர் வேறு யாரிடமும் விடவில்லை.

இனி இதை மைதானத்தில் எப்படிப் பார்ப்பது. இதுதான் இந்த விமர்சனத்தில் காசு பெறுமானமுள்ள பகுதி, பொறுமையாகப் படியுங்கள்.

டிவியில் பார்த்தால் பார்க்கரின் வேலை தெரியவே தெரியாது. கேமரா பந்தை ஒட்டியே போகும். பின்னால் பதினைந்து யார்டில் நிற்கும் இரண்டு சேஃப்டிகள் திரையிலேயே இருக்கமாட்டார்கள். அதனால் ஐம்பது யார்டு கோட்டுப் பக்கம் கீழ் வரிசையில் நன்கொடை கட்டி உட்காராதீர்கள். அங்கிருந்து தெரிவது மாற்று ஆட்களின் முதுகு. எண்டு சோன் பக்கம், மேல் வரிசைகள். வடக்குப் பக்கத்தை 8 கோடியே 90 லட்சம் டாலர் செலவில் புதுப்பித்து 2019-இல் முடித்தார்கள். அங்கே உயரத்தில் உட்கார்ந்தால் மைதானம் நீளவாக்கில், வரைபடம் விரித்ததுபோல் தெரியும்.

நான் திருநெல்வேலிப் பக்கம் கபடி ஆடியவன், லெஃப்ட் கார்னர். அந்தக் கண்ணோடு பார்த்ததால்தான் எனக்கு இந்த ஆட்டம் பிடிபட்டது. ரைடர் உள்ளே வரும்போது கத்துக்குட்டி கார்னர் பாய்வான். தெரிந்தவன் ரைடரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் கவர் ஆடும் ஆள் எங்கே நிற்கிறான் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு, பின்னால் நகர்வான். அவனாக வந்து மாட்டும்வரை. பார்க்கரின் ஆட்டம் அச்சு அசல் அதுதான். நிறைய அணிகள் ஆளுக்கு ஆள் என்று ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஓடுகிறவன் முதுகு பந்தைப் பார்த்திருக்கும். பார்க்கர் பெரும்பாலும் இடத்தைக் காவல் காக்கச் சொல்கிறார். அதனால் பின்னால் நிற்கும் அத்தனை பேர் முகமும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பார்த்திருக்கும். அவன் தோள் திரும்பும் திசை தெரியும், கை பின்னால் போவது தெரியும். பந்து கையை விட்டு வருவதற்குள் கார்னர்பேக் முன்னால் பாய்ந்திருப்பான்.

இதற்கு விலையும் உண்டு. பின்னால் ஏழு பேரை நிறுத்த வேண்டுமென்றால் முன்னால் நான்கு பேர்தான் மிச்சம். அந்த நால்வரே மோதி, தள்ளி, குவார்ட்டர்பேக்கைத் தொந்தரவு செய்ய வேண்டும். கூடுதல் ஆளை அனுப்பும் பிளிட்ஸ் அபூர்வம். எதிரணி பொறுமைசாலி என்றால் ஐந்து யார்டு, ஆறு யார்டு என்று சின்னச் சின்னதாக எடுத்துக்கொண்டு வருவான். பக்கத்தில் இருப்பவர்கள் "ஏறி அடிங்கப்பா" என்கிற மாதிரி கத்துவார்கள். பார்க்கர் அசையமாட்டார். கல்லூரிப் பையன் ஒருவன் தவறு செய்யாமல் தொடர்ந்து பன்னிரண்டு முயற்சி எடுத்து எண்பது யார்டு வரமுடியுமா என்பதுதான் அவர் வைக்கும் பந்தயம். பெரும்பாலும் முடியாது.

ஒரு மூன்றாவது டவுன் (மூன்றாவது முயற்சி), எட்டு யார்டு தேவை என்று வையுங்கள். பந்து ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு சேஃப்டிகளையும் மட்டும் பாருங்கள். ஒருவன் கையை மடக்கி எதையோ காட்டுவான், மற்றவன் தலையாட்டிவிட்டு ஒரு எட்டு உள்ளே வருவான். அந்தப் பக்கத்துக் கார்னர் உடனே அரை எட்டு வெளியே. நடுவில் 'கேஷ்' என்று அவர்கள் அழைக்கும் ஒரு ஆள், பாதி லைன்பேக்கர், பாதி சேஃப்டி. 2018-இல் அமானி ஹூக்கரை அந்த இடத்தில் போட்ட பிறகு அது நிரந்தரமாகிவிட்டது. அவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அதை வைத்து மற்றவர்கள் சாய்வார்கள். பந்து நகர்கிறது. யாரும் வெறிகொண்டு ஓடுவதில்லை. எல்லோரும் பின்னோக்கி, ஒரே அளவாக, வலையை இழுத்துப் பிடித்த மாதிரி. குவார்ட்டர்பேக் ஒரு பக்கம் பார்ப்பான், அடைத்திருக்கும். மறுபக்கம் பார்ப்பான், அங்கேயும் ஆள். மூன்றாவது பக்கம் பார்க்கும்போது முன்வரிசை நால்வரில் ஒருவன் காலடிக்கு வந்திருப்பான். பதறிப்போய் எறிவான். அதைத்தான் அவர்கள் இவ்வளவு நேரமும் எதிர்பார்த்து நின்றார்கள்.

2021-இல் இப்படிப் பிடித்த பந்துகள் 25, நாட்டிலேயே அதிகம். 2017 நவம்பரில் ஒஹையோ ஸ்டேட் வந்தபோது அவர்களுடைய முதல் பாஸையே ஹூக்கர் பிடுங்கிக்கொண்டு ஓடி டச்டவுன் அடித்தார். அதே ஆட்டத்தில் ஜோஷ் ஜாக்சன் மூன்று பிடித்தார். 55-24. அன்றைக்கு வீட்டுக்குத் தொண்டை இல்லாமல்தான் வந்தேன்.

இன்னொரு விஷயம், இந்தப் பையன்கள் யார் என்பது. அலபாமாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போகிற, பள்ளியிலேயே உச்ச மதிப்பீடு வாங்கிய ஐந்து நட்சத்திரப் பிள்ளைகள் இங்கே வருவதில்லை. மைக்கா ஹைட் ஓஹையோவின் சின்ன ஊர் ஒன்றில் குவார்ட்டர்பேக். டெட்ராய்ட்டிலிருந்து வந்த டெஸ்மண்ட் கிங்கைப் பெரிய கல்லூரிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2015-இல் நாட்டின் சிறந்த டிஃபென்சிவ் பேக்குக்கான தார்ப் விருது அவருக்கு. பென்சில்வேனியாவின் ஈரி நகரத்துக் குள்ளமான பையன் பாப் சாண்டர்ஸ் 2007-இல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர். கூப்பர் டிஜீன், ஆயிரம் பேர் வசிக்கும் ஓடிபோல்ட் என்ற அயோவா சிற்றூர்ப் பையன். 2025 பிப்ரவரி 9, என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், தன் 22-வது பிறந்தநாள் அன்று, எதிரணி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பிடித்து 38 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பார்ட்டி. மற்றவர்கள் பந்தைப் பார்த்துக் கத்தினார்கள். நான் பந்து வருவதற்கு முன் அவர் கால் நின்ற விதத்தைப் பார்த்துக் கத்தினேன். எண்டு சோன் மேல் வரிசையில் உட்கார்ந்து பழகினால் உங்களுக்கும் இந்த வியாதி வரும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேல்மட்ட அணிகள் வந்தால் பார்க்கரின் பந்தயம் எப்போதும் செல்லுபடியாகாது. 2023-இலேயே பென் ஸ்டேட் 31-0, பிக் டென் இறுதியில் மிச்சிகன் 26-0, சீசன் முடிந்து நடந்த சிட்ரஸ் பவுலில் டென்னசி 35-0, எல்லாமே தோல்வி. ஒரு புள்ளிகூட எடுக்காத அணிக்குத் தடுப்பாட்டத்தைக் குறை சொல்வது அநியாயம்தான், ஆனாலும் முப்பது புள்ளி முப்பது புள்ளிதான். ஆட்டம் முழுக்க மைதானத்திலேயே நின்றால் எந்தப் பையனுக்கும் கால் ஓயும். கோஆர்டினேட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மறுபாதியான தாக்குதலை நடத்துவது வேறு ஆள், அவருக்குச் சம்பளம் கொடுப்பது வேறு ஆள். 2024-இல் தாக்குதலுக்கு டிம் லெஸ்டர் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அந்த வருடம் கேலெப் ஜான்சன் ஓடியே 21 டச்டவுன் அடித்தார். பன்ட்டுக்குக் கைதட்டும் எங்கள் வரிசைத் தம்பதிக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

சாப்பாடு: சைவமென்றால் பாப்கார்ன், பிரெட்செல், நாச்சோஸ், இத்தோடு கதை முடிந்தது. மெல்ரோஸ் அவென்யூவில் வான்கோழிக் கால் விற்பார்கள், அசைவக்காரர்களுக்கு அது ஒரு அனுபவம், கையைத் துடைக்க நிறைய டிஷ்யூ வேண்டும். நாங்கள் பார்க்கிங்கில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதத்தோடு முடித்துவிட்டுத்தான் உள்ளே போவோம். பக்கத்து வண்டிக்காரர்கள் கிரில்லில் பிராட்வர்ஸ்ட் வாட்டிக்கொண்டே உருளைக்கிழங்குக்கு வருவார்கள். மெல்ரோஸ் பக்கத்து வீடுகளில் புல்வெளியையே பார்க்கிங்காக வாடகைக்கு விடுவார்கள். சீக்கிரம் போனால் பேரம் பேசலாம். போகும்போது இடம் கிடைப்பதைவிட, முடிந்து வெளியே வருவதுதான் பாடு. வெளியேறும் பக்கத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள்.

மறுவிற்பனைத் தளங்கள் விஷயத்தில் ஜாக்கிரதை. ஒரு தளத்தில் நான் விற்கப்போனபோது வாங்குபவரிடம் ஒரு கட்டணம், என்னிடம் ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் பிடித்ததில், கையில் வந்தது பார்க்கிங் காசு. தெரிந்தவர்களுக்கே கொடுத்துவிடுவது மேல்.

விளம்பர இடைவேளைகள் நீளம். மைதானத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருக்கும் வரை ஆட்டம் தொடங்காது, அவர் நகர்ந்தால்தான் டிவி திரும்பிவிட்டதென்று அர்த்தம். செப்டம்பரில் அந்த நேரத்தில் கதை பேசலாம். நவம்பரில் கால் விரல் மரத்துப்போகும்.

என் யோசனை இது. தனியாக முழு சீசன் எடுக்காதீர்கள். இரண்டு குடும்பமாகச் சேர்ந்து இரண்டு இருக்கை எடுங்கள். செப்டம்பரில் வரும் சின்ன அணிகளின் ஆட்டங்களைப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு விட்டுக்கொடுங்கள், வெயில் நன்றாக இருக்கும், அந்தக் கையசைப்பையும் பார்த்துவிடுவார்கள். அக்டோபர் பாதிக்கு மேல் வரும் பிக் டென் ஆட்டங்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் விஸ்கான்சின், மின்னசோட்டா மாதிரி ஓடியே பழகிய அணிகள் வந்தால் தவறவிடாதீர்கள். உட்காரப் பழைய போர்வை ஒன்று மடித்துக்கொண்டு போங்கள், அலுமினியத்தின் குளிர் ஜீன்ஸைத் தாண்டி ஏறும். பைனாகுலர் வேண்டாம், அதில் பார்த்தால் ஒரு ஆள்தான் தெரிவான், உங்களுக்குப் பதினொருவரும் தெரிய வேண்டும்.

பார்க்கருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஃபெரன்ட்ஸுக்கு எழுபது ஆகிவிட்டது. இருவரில் யார் முதலில் போனாலும் இந்தத் தடுப்பாட்டம் இதே மாதிரி இருக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. இந்த வருடம் வாங்குகிறவர்கள் வடக்கு எண்டு சோன், மேல் பாதி என்று கேட்டு வாங்குங்கள்.